அம்மா டாக்டருக்குத் தெரியாம பொட்டணம் மருந்து சாப்புடுது, சொல்லிடலாமா வேணாமா?

பாலக்கோட்டான்:

வணக்கம் மக்களே, கொஞ்சம் பெரிய பதிவு, பொறுத்துக்கோங்க. நான் ஓசூர்ல கம்பெனில ஷிப்ட்ல இருக்கேன், அம்மா ஊர்ல, பாலக்கோடு பக்கம். வயசு 54. ரெண்டு மாடு, முக்கா ஏக்கர் தக்காளி. மூணு வருஷமா சரவாங்கி, அதான் மூட்டெல்லாம் வீங்கி வலிக்கற வாதம். காலைல எழுந்தா விரல் மடங்காது, சுடுதண்ணில கைய ஊற வச்சு ஒரு மணி நேரம் கழிச்சுதான் பால் கறக்க உக்காரும். மொதல்ல வேலை செய்யற உடம்புன்னா வலிக்கத்தான் செய்யும்னு மெடிக்கல்ல சொல்லி வாங்கற வலி மாத்திரையிலயே ஒரு வருஷத்த ஓட்டிடுச்சு. நடுவுல ஆடி பதினெட்டுக்கு ஒகேனக்கல் போனப்ப எண்ணெய் மசாஜ் பண்ணா சரியாப் போவும்னு யாரோ சொல்ல, அங்க நல்லா முட்டிய அமுக்கி உருட்டி விட்டு, மறுநாள் முட்டி பலாப்பழம் மாதிரி வீங்கிடுச்சு, அதுக்கப்புறம்தான் நான் பெங்களூருக்கு இட்டுக்கினு போனேன்.

அங்க ஒரு பெரிய ஆஸ்பத்திரில ரத்தம் எடுத்துப் பாத்து ருமட்டாய்டுன்னு சொல்லி மெத்தோட்ரெக்ஸேட் எழுதினாங்க, வாரத்துக்கு ஒரு நாள் மட்டும், கூட ஃபோலிக் ஆசிட். டாக்டர் கெட்டிக்காரர்தான், அதுல சந்தேகம் இல்ல. ஆனா ரெண்டாவது தடவ போனப்ப அம்மா வாய் தவறி "முடக்கத்தான் கஷாயம் குடிக்கிறேன் சார்"னு சொல்லிடுச்சு. அவரு கம்ப்யூட்டர்ல இருந்து தலைய தூக்காமலே அந்த மாதிரி எதுனா சாப்புட்டா என்கிட்ட வராதீங்கன்னு பாதி கன்னடம் பாதி தமிழ்ல சொல்லிட்டாரு. வெளிய வந்து அம்மா சொன்னது, "இனிமே அந்தாளுகிட்ட நான் வாயே தொறக்க மாட்டேன்."

சொன்ன மாதிரியே தொறக்கல. போன மாசம் லீவுல போனப்ப அரிசி குண்டானுக்குள்ள நியூஸ் பேப்பர்ல மடிச்ச பொட்டணம் ஒரு கட்டு கெடச்சுது. சாம்பல் கலர் பவுடர், லேசா கசப்பு (நாக்குல வச்சுப் பாத்தேன், திட்டாதீங்க). அரூர் தாண்டி ஒரு ஊர்ல இருந்து பெரிம்மா வாங்கிக்கினு வருதாம். மாசம் 1,500. ஆறு மாசமா நடக்குது. நாலாவது நாளே வலி போச்சுன்னு அம்மா சத்தியம் பண்ணுது. அந்த வைத்தியர் திண்ணைல உக்கார வச்சு கைய புடிச்சு அரை மணி நேரம் பேசுவாராம், என்ன சாப்புட்ட, ராத்திரி தூக்கம் வருதா, மனசுல என்ன கவலைன்னு எல்லாம் கேப்பாராம். "உன் டாக்டர் என் மூஞ்சிய பாத்திருக்காரா"ன்னு என்னைக் கேக்குது, நான் என்ன சொல்ல.

என் கேள்வி, இங்கிலீஷ் மருந்தும் இதுவும் ஒன்னா போனா என்ன ஆகும்? டாக்டர்கிட்ட சொல்லலாமா, சொன்னா வெளிய போன்னுடுவாரா? இல்ல பேசாம அந்தப் பொட்டணத்தப் புடுங்கி கொல்லையில போட்டுடலாமா?

---

ஜிஹெச் அக்கா:

தம்பி, மொதல்ல கடைசிக் கேள்விக்குப் பதில். புடுங்கிப் போடாத. இன்னைக்கே நிறுத்தச் சொல்லாத. காரணம் சொல்றேன் பொறுமையா படி.

நான் அரசு ஆஸ்பத்திரில 19 வருஷமா ஸ்டாஃப் நர்ஸ். பேர் இல்ல, லேபிள் இல்ல, நாலு நாள்ல வலி பறந்துடுச்சு, இந்த மூணும் சேந்து வந்தா எனக்கு மொதல்ல வர்ற சந்தேகம் ஸ்டீராய்டு. மூலிகைப் பவுடர்னு சொல்லி உள்ள டெக்ஸாமெத்தசோன்ங்கற ஸ்டீராய்டு மாத்திரைய இடிச்சுக் கலக்கறது புதுசு கிடையாது, வலி மருந்து, ஆஸ்துமா மருந்துன்னு குடுக்கற பொட்டணங்கள்ல இது அடிக்கடி மாட்டற சங்கதி. உங்க அம்மாவுக்குக் குடுத்ததுல இருக்குன்னு நான் சொல்லல, டெஸ்ட் பண்ணாம யாரும் சொல்ல முடியாது. நீ அம்மாவ நல்லா உத்துப் பாரு. மூஞ்சி உப்பி வட்டமா ஆயிருக்கா? பசி ஜாஸ்தியா? கை கால்ல லேசா இடிச்சாலும் ஊதா கலர்ல கன்னிப் போகுதா? சுகர் எவ்வளவு? பக்கத்து ஊட்டுக்காரங்க "என்னக்கா உடம்பு தேறிட்டீங்க"ன்னு சொன்னாங்களான்னு கேளு, அது தேறினது இல்ல, ஊதினது.

ஏன் திடீர்னு நிறுத்தக்கூடாதுன்னா, வெளிய இருந்து மாசக்கணக்கா ஸ்டீராய்டு போனா நம்ம உடம்பு தானா சுரக்கறத நிறுத்திடும். நீ ஒரே நாள்ல பொட்டணத்தப் புடுங்கினா வாந்தி, மயக்கம், பிபி கீழ போயி ஐசியூ வரைக்கும் கொண்டாந்து விட்டுடும். நான் பாத்திருக்கேன். பேத்தி கல்யாணத்துக்கு வெளியூர் போன ஒரு பாட்டி பொட்டணத்த ஊட்லயே மறந்து வச்சுட்டு மூணாவது நாள் ஸ்ட்ரெச்சர்ல வந்துச்சு, மகனுக்கு ஒன்னும் புரியல, நாங்களும் ரெண்டு மணி நேரம் என்னென்னமோ தேடினோம், கடைசில மருமகதான் தயங்கித் தயங்கி "அத்தை ஒரு பவுடர் சாப்புடுவாங்க"ன்னு சொல்லுச்சு. அந்த ஒரு வார்த்த மொதல்லயே வந்திருந்தா ரெண்டு மணி நேரம் மிச்சம்.

அதனால பொட்டணத்தோட டாக்டர்கிட்ட போ. சுகர், பிபி, ஈரலுக்கு எல்எஃப்டி, கிட்னிக்கு கிரியாட்டினின், ரத்த அணு எண்ணிக்கை எல்லாம் பாக்கச் சொல்லு. மெத்தோட்ரெக்ஸேட் சாப்புடறவங்களுக்கு ஈரலையும் ரத்த அணுவையும் ரெண்டு மூணு மாசத்துக்கு ஒரு தடவ எப்படியும் பாக்கணும், அது நடந்துச்சா? அப்புறம் இன்னொன்னு, மெடிக்கல்ல வாங்கின வலி மாத்திரையையும் டாக்டர்கிட்ட சொல்லு. எல்லாரும் கஷாயத்தத்தான் மறைக்கிறாங்கன்னு நெனைக்கிறோம், டைக்ளோஃபினாக் மாதிரி வலி மாத்திரைய மறைக்கறவங்கதான் ஜாஸ்தி, கிட்னிய கெடுக்கறதுல அது ஒன்னும் சளைச்சதில்ல.

---

தகடூர் பெருசு:

ஔவையாருக்கு நெல்லிக்கனி குடுத்த மண்ணுல உக்காந்துக்கினு மூலிகைய விஷம்னு பேசறத பாத்தா சிரிப்புதான் வருது. தம்பி உங்க அம்மா கேட்ட கேள்விக்கு இங்க யாராவது பதில் சொன்னாங்களா? "என் மூஞ்சிய பாத்திருக்காரா"ன்னு கேட்டுச்சே. கேஸ் போட்டு, பேர் குடுத்து, டோக்கன் எடுத்து, மூணு மணி நேரம் நாற்காலி தேய்ச்சு உள்ள போனா மூணு நிமிஷம். வாயத் தொறக்கறதுக்குள்ள ஸ்கேன் எழுதிடறான். எனக்கு வயசு 71, சின்ன வயசுல மஞ்சக்காமாலை வந்தப்ப எங்க ஆயா கீழாநெல்லிய அரைச்சு மோர்ல கலக்கிக் குடுத்துச்சு, ஏழு நாள்ல எழுந்தேன். சித்தேரி மலைக்கு மேல போயி பாருங்க, பச்சிலை தெரியாத கெழவி ஒருத்தி கூட இல்ல. போலி எல்லாத்துலயும் இருக்கான், கார்ப்பரேட் ஆஸ்பத்திரில இல்லையா? தேவையில்லாம ஆபரேஷன் பண்றவன் போலி டாக்டர் இல்லையா?

---

கிருஷ்ணகிரி லேப்:

பெருசு, வயசுக்கு மரியாத, ஆனா விஷயத்துக்கு வருவோம். பெரும்பாலும் சின்னப் பசங்களுக்கு வர்ற மஞ்சக்காமாலை ஹெபடைடிஸ் ஏ, தண்ணியால பரவறது, அது கீழாநெல்லி குடிச்சாலும் போவும், வெறும் மோர் குடிச்சாலும் போவும். உங்க ஆயா கைராசிக்கு நான் ஒன்னும் கொறை சொல்லல. அதே கீழாநெல்லிய பி வகை வைரஸுக்கு மெட்ராஸ்லயே ஆராய்ச்சி பண்ணி 1988ல லான்செட் பத்திரிகைல போட்டாங்க, மருந்து சாப்புட்ட 37 பேர்ல 22 பேருக்கு ரத்தத்துல வைரஸ் அடையாளம் மறைஞ்சுதுன்னு. உலகமே திரும்பிப் பாத்துச்சு. அப்புறம் வேற வேற ஊர்ல செஞ்சு பாத்தப்ப அந்த ரிசல்ட் திரும்ப வரல. நம்ம மூலிகைய யாரும் மதிக்கலைன்னு சொல்றது தப்பு, மதிச்சுத்தான் சோதிச்சாங்க, நிக்கல, அவ்வளவுதான். சர்ப்பகந்தா நின்னுச்சு, அதுல இருந்து ரிசர்பின் எடுத்து 1950கள்ல பிபி மாத்திரையாவே உலகம் பூரா குடுத்தாங்க. கண்வலிக் கிழங்கு நின்னுச்சு, அதுல இருக்கற கோல்ச்சிசின் இன்னைக்கும் கவுட் வாதத்துக்கு எழுதறாங்க, அதே கிழங்க அப்படியே தின்னா சாவு. அளவுதான் எல்லாமே.

எனக்கு இதுல ஏன் இவ்வளவு கோவம்னா எங்க மாமா. சுகர். யாரோ ஒருத்தர் வீடியோல "இன்சுலின் அடிமைத்தனம், 48 நாள்ல விடுதலை"ன்னு சொன்னத நம்பி ஊசிய நிறுத்தினாரு. 48 நாள் வரல. கால் முட்டிக்குக் கீழ எடுத்தாச்சு. இத்தனைக்கும் சுகரை குணப்படுத்தறேன்னு விளம்பரம் பண்றதே 1954லயே போட்ட சட்டப்படி குத்தம். யார் புடிக்கிறாங்க. அந்தாளு வீடியோ இன்னும் ஓடிக்கினுதான் இருக்கு.

---

சித்தா டாக்டரம்மா:

நான் பிஎஸ்எம்எஸ், அதாவது சித்த மருத்துவப் பட்டம் படிச்சவ, கிருஷ்ணகிரி மாவட்டத்துல ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்துல சித்தா பிரிவுல இருக்கேன். இந்தத் திரியை காலையில இருந்து படிச்சுட்டு இருக்கேன், ரெண்டு பக்கமும் எனக்குத்தான் அடி விழுது, சரி பரவாயில்ல.

பாலக்கோட்டுத் தம்பி, அந்தப் பொட்டணம் சித்த மருந்தே இல்ல. அதை முதல்ல அம்மாகிட்ட சொல்லுங்க, ஏன்னா "இங்கிலீஷ் மருந்தா நாட்டு மருந்தா"ங்கற சண்டையா இருந்தா அவங்க தோக்க மாட்டாங்க. முறையா தயாரிச்ச சித்த மருந்துன்னா டப்பா மேல தயாரிப்பு லைசென்ஸ் நம்பர், பேட்ச் நம்பர், தயாரிச்ச தேதி, என்னென்ன சேர்த்திருக்குன்னு எல்லாம் இருக்கணும். எங்க பிரிவுக்கு டாம்ப்கால் மருந்து வருது, அது அரசு கம்பெனி. நியூஸ் பேப்பர்ல மடிச்சு வர்றதுக்கு எந்த மருத்துவ முறையும் பொறுப்பு ஏத்துக்காது. நாங்க அஞ்சரை வருஷம் படிச்சுட்டு வந்து உக்காந்திருக்கோம், எங்களைத் தாண்டி அரூருக்கு பஸ் ஏறிப் போறாங்க, என்ன பண்றது.

எங்க பக்கத்து ஓட்டையையும் சொல்லிடறேன், இல்லன்னா லேப் தம்பி விடமாட்டார். பற்பம், செந்தூரம் எல்லாம் உலோகம், பாதரசம் சேர்ந்த மருந்துங்க, சரியா புடம் போடாம யாரோ செஞ்சதை சாப்பிட்டா ஈயமும் பாதரசமும் உடம்புல தங்கும். இன்டர்நெட்ல வித்த 193 ஆயுர்வேத மருந்தை அமெரிக்காவுல சோதிச்சு 2008ல வெளியிட்டாங்க, அஞ்சுல ஒண்ணுல ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்துச்சு. மூலிகைன்னாலே பக்கவிளைவு இல்லைங்கறதும் பொய். பெல்ஜியத்துல 1990கள்ல உடம்பு இளைக்க சீன மூலிகை சாப்பிட்ட நூறு பொம்பளைங்களுக்கு மேல கிட்னி கெட்டுப் போச்சு, அதுக்குக் காரணமான அரிஸ்டோலோக்கியா இனத்துச் செடிதான் நம்ம ஊர் ஆடுதின்னாப்பாளையும் ஈஸ்வரமூலியும். பாம்புக்கடிக்குன்னு அதை வேலியில வளர்க்கறவங்க இங்க இன்னும் இருக்காங்க. பாம்பு கடிச்சா வேலிக்குப் போகாதீங்க, ஜிஹெச்சுக்குப் போங்க, விஷமுறிவு ஊசி அங்கதான் இருக்கு.

இப்ப உங்க அம்மா. சரவாங்கி வந்தவங்க என்கிட்ட வந்தா நான் மெத்தோட்ரெக்ஸேட்டை நிறுத்தச் சொல்றதில்ல. அந்த நோய் மூட்டை அரிச்சுத் தின்னுடும், வலி இல்லாம இருக்கும்போது கூட உள்ள அரிப்பு நடக்கும், விரல் கோணிட்டா எந்தத் தைலமும் நேராக்காது. நான் பண்றது அதுக்குப் பக்கத்துல நிக்கற வேலை. வெளிப்பூச்சுக்கு உளுந்து தைலமோ வாத கேசரி தைலமோ, அதையும் தடவத்தான் சொல்வேன், வீங்கின மூட்டை அழுத்தி உருட்டக் கூடாது (ஒகேனக்கல்ல உங்க அம்மாவுக்கு நடந்தது அதுதான்). காலையில விறைப்புக்கு வெந்நீர் ஒத்தடம், விரலுக்கு சின்னச் சின்ன பயிற்சி. உள்ளுக்கு எதுவும் குடுக்கறதுக்கு முன்னாடி ஈரல் ரிப்போர்ட் கேட்பேன். சீந்தில் கண்டிப்பா இப்ப குடுக்க மாட்டேன். கொரோனா நேரத்துல எதிர்ப்பு சக்திக்குன்னு சீந்தில் சாப்பிட்ட சிலருக்கு ஈரல் பாதிச்சதுன்னு மும்பையில இருந்து 2021ல அறிக்கை வந்துச்சு, அது பத்தி வாதம் இன்னும் ஓயல, ஆனா ஏற்கெனவே ஈரலைப் பாதிக்கக்கூடிய மாத்திரை சாப்பிடறவங்ககிட்ட நான் ஏன் பரிசோதனை பண்ணணும்? முடக்கத்தான் தோசைக்கு அளவா சாப்பிட்டா நான் தடை போடறதில்ல. அது சாப்பாடு.

ரெண்டும் சேர்த்து குடுத்தா என்ன ஆகும்னு கேட்டீங்க. கோயம்புத்தூர்ல ஒரு சோதனை நடந்துச்சு, 2011ல வெளியாச்சு. ருமட்டாய்டு உள்ள 43 பேரை மூணா பிரிச்சு ஒரு குழுவுக்கு ஆயுர்வேதம், ஒண்ணுக்கு மெத்தோட்ரெக்ஸேட், ஒண்ணுக்கு ரெண்டும், யாருக்கு என்னன்னு நோயாளிக்கும் தெரியாது பாக்கற டாக்டருக்கும் தெரியாது. 36 வாரத்துல மூணு குழுவும் ஏறக்குறைய ஒரே அளவுதான் தேறினாங்க. எங்க ஆளுங்க இதை வச்சு கொடி பிடிக்கிறாங்க, 43 பேரை வச்சு கொடி பிடிக்க முடியாது, ஆனா ரெண்டு முறையும் ஒரே கூரைக்குக் கீழ, ரத்தப் பரிசோதனை பண்ணி, ஒளிவு மறைவு இல்லாம உக்கார முடியும்னு காட்டுச்சு. எனக்கு அதுல பிடிச்சது அதுதான்.

கடைசியா ஒண்ணு. அந்த வைத்தியர் அரை மணி நேரம் கேட்டாரே, அது நிஜமான மருந்து. பவுடர்தான் பொய். அவர்கிட்ட இருந்து டாக்டருங்க எடுத்துக்க வேண்டியது நிறைய இருக்கு.

---

ஜிஹெச் அக்கா:

டாக்டரம்மா சொன்ன கடைசிப் பாயிண்டுக்கு நானும் கைய தூக்கறேன். ஆனா பெருசுக்கும் ஒன்னு சொல்லணும், ஓபில ஒரு நாளைக்கு எத்தன பேர் நிக்கறாங்கன்னு ஒரு திங்கக்கிழமை வந்து பாருங்க ஐயா, எல்லார் மூஞ்சியும் பாக்கணும்னுதான் எங்களுக்கும் ஆசை.

---

மத்தூர் டீச்சர்:

நான் எழுதறது கொஞ்சம் வேற மாதிரி. எனக்கு மார்பகப் புற்றுநோய், 2019ல ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிஞ்சு இப்ப நல்லா இருக்கேன். என் டாக்டர் மொத நாளே ஒரு பேப்பர எடுத்து முன்னாடி வச்சுட்டு, "ஊட்ல, கோயில்ல, சொந்தக்காரங்க குடுக்கறது எல்லாம் சொல்லுங்க, விபூதி வரைக்கும் சொல்லுங்க, நான் திட்ட மாட்டேன்"னாங்க. நானும் என் வீட்டுக்காரரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டோம், ஏன்னா பையில முள்சீத்தா இலை காயவச்சு ஒரு பாட்டில் நெறைய இருந்துச்சு. கேன்சருக்கு கை கண்ட மருந்துன்னு வாட்ஸப்ல வந்ததுதான்.

அவங்க ஒவ்வொன்னா டிக் போட்டாங்க. முள்சீத்தா வேணாம், கீமோ நடக்கும்போது அது என்ன பண்ணும்னு நம்மகிட்ட தகவல் இல்ல. மஞ்சள் கேப்ஸ்யூல் வேணாம், ஆபரேஷன்ல ரத்தம் ஜாஸ்தி போகலாம், கொழம்புல போடற மஞ்சள் தாராளமா போடுங்க. இஞ்சி டீ குடிங்க. யோகா பண்ணுங்க, ஆனா ஆபரேஷன் பண்ண கைக்கு பாரம் குடுக்காம. குமட்டலுக்கு மாத்திரையோட சேத்து மணிக்கட்டுல இருந்து முழங்கை பக்கமா மூணு விரல் தள்ளி உள்பக்கம் ரெண்டு நரம்புக்கு நடுவுல அமுக்கச் சொல்லிக் குடுத்தாங்க, அந்த எடம் அக்குபஞ்சர்ல இருந்து வந்ததுதானாம். எனக்கு அது கேட்டுச்சு. எத்தன பேருக்குக் கேக்கும்னு தெரியாது, எனக்குக் கேட்டுச்சு. கூட படுத்திருந்த ராயக்கோட்டை அக்காவுக்கு சுத்தமா கேக்கல, அவங்களுக்கு அவங்க பொண்ணு தலைய கோதி விட்டாதான் குமட்டல் அடங்கும்.

நான் அந்த முள்சீத்தா பாட்டில அவங்க டேபிள்லயே வச்சுட்டு வந்துட்டேன். திட்டியிருந்தாங்கன்னா கண்டிப்பா ஊட்டுக்கு எடுத்துட்டுப் போயி ரகசியமா குடிச்சிருப்பேன், இது சத்தியம்.

தம்பி, அம்மாவ கூப்பிட்டு உக்கார வச்சு டாக்டர்கிட்ட நீயா பேசாத. அவங்களப் பேச விடு. போறதுக்கு முன்னாடி அவங்க சொல்லச் சொல்ல ஒரு தாள்ல எழுதிக்கோ, எல்லாத்தையும், பெரிம்மா குடுத்தது, மெடிக்கல்ல வாங்கினது, எத விட்டாங்க, எப்ப விட்டாங்க. "எத விட்டாங்க"ங்கறத மறக்காம கேளு.

---

தகடூர் பெருசு:

டீச்சரம்மா சொன்னது நியாயம். அந்த மாதிரி டாக்டர் இருந்தா நானும் போவேன். கீழாநெல்லிய மட்டும் விட மாட்டேன்.

---

பாலக்கோட்டான்:

மக்களே, மூணு வாரம் கழிச்சு வர்றேன், கோச்சுக்காதீங்க, ஷிப்ட் மாறி மாறி உயிர் போச்சு.

மத்தூர் அக்கா சொன்ன மாதிரி நோட்டுல எழுத உக்காந்தேன். அம்மா கட்டில்ல உக்காந்து அவரைக்காய் தொளிச்சுக்கினு இருந்துச்சு. எத விட்டன்னு கேட்டதும் கொஞ்ச நேரம் பேசவே இல்ல, அப்புறம் சொல்லுச்சு, நாலு மாசமா மெத்தோட்ரெக்ஸேட்டே போடலையாம். நான் ஒவ்வொரு மாசமும் ஓசூர்ல இருந்து வாங்கிக் குடுக்கறேன், அது எல்லாம் அப்படியே பீரோவுல இருக்கு, அட்டை கூட கிழிக்கல. ஏன்னு கேட்டா, ஞாயித்துக்கெழம ராத்திரி அந்த மாத்திரைய போட்டா திங்கக்கெழம பூரா குமட்டுது, பால் வாசன வந்தாலே வாந்தி, நாலரைக்கு எழுந்து கறக்க முடியல, திங்கக்கெழம காயும் பறிக்கணும் மண்டிக்கு அனுப்பணும், பழுத்தது செடியிலயே நின்னா யாருக்கு நஷ்டம். "இத நான் யார்கிட்ட சொல்ல, நீ போன்ல மாத்திர போட்டியாம்மான்னு கேப்ப, போட்டேன்னு சொல்லுவேன்." அவ்வளவுதான். நாட்டு மருந்து மேல நம்பிக்கை, இங்கிலீஷ் மருந்து மேல வெறுப்பு, அப்படி எல்லாம் ஒன்னும் இல்ல. திங்கக்கெழம காய் பறிக்கணும், அதான் விஷயம்.

பெங்களூருக்கே போனோம், அதே டாக்டர். உள்ள போனதும் பொட்டணத்தையும் நோட்டையும் டேபிள்ல வச்சேன். அவரு மூஞ்சி மாறுச்சு, திட்டத்தான் வாயத் தொறந்தாரு, அதுக்குள்ள அம்மா "சார் திங்கக்கெழம எனக்கு வேல இருக்கு"ன்னு ஆரம்பிச்சு மொத்தத்தையும் சொல்லிடுச்சு. அவரு கேட்டாரு. கம்ப்யூட்டர பாக்காம கேட்டாரு, அதையும் சொல்லணும். குமட்டுதுன்னு நீங்க ஏம்மா சொல்லலன்னாரு, நீங்க கேக்கலையே சார்னுச்சு. நான் செத்தேன்னு நெனச்சேன், அவரு சிரிச்சுட்டாரு.

டெஸ்ட்ல சுகர் 240. முன்னாடி சுகரே கெடையாது அம்மாவுக்கு. ஈரல் கொஞ்சம் ஏறியிருக்கு, கிட்னி தப்பிச்சுது. ஸ்டீராய்டு கலந்திருக்க வாய்ப்பு ஜாஸ்தின்னு சொல்லி, அக்கா சொன்ன மாதிரியே ஒரே அடியா நிறுத்தாம, பொட்டணத்துக்குப் பதிலா அளவு தெரிஞ்ச ஸ்டீராய்டு மாத்திரையக் குடுத்து அத வாரா வாரம் கொறைக்கற மாதிரி எழுதிக் குடுத்தாரு. ஈரல் எறங்கினதும் மெத்தோட்ரெக்ஸேட் திரும்ப ஆரம்பிக்கணும், இந்தத் தடவ எந்த நாள்னு அம்மாகிட்டயே கேட்டாரு. புதன் ராத்திரி. வியாழன் எங்களுக்குக் காய் பறிப்பு இல்ல, பால் மட்டும் சித்தப்பா மக வந்து கறக்கும். அதுலயும் குமட்டினா தோலுக்கடியில போடற ஊசி இருக்கு, மாத்திக்கலாம்னாரு.

சித்தா டாக்டர் ஒருத்தரையும் பக்கத்து பிஹெச்சில பாத்தோம், தைலம் குடுத்தாங்க, ஒத்தடம் சொல்லிக் குடுத்தாங்க, ரிப்போர்ட் எல்லாம் வாங்கிப் பாத்தாங்க. சுகருக்கு இப்ப மக்களைத் தேடி மருத்துவத்துல ஊட்டுக்கே வந்து பாக்கறாங்க, நம்ம மாவட்டம் பக்கத்துல சாமனப்பள்ளியில 2021ல ஆரம்பிச்சாங்களே அதுதான். அதுல வர்ற பொண்ணு வந்தா அம்மா காபி போட்டுக் குடுத்து அரை மணி நேரம் பேசுது.

பெரிம்மா மட்டும் எங்கூட பேசறதில்ல. அவங்க முட்டிக்கும் அதே பொட்டணம்தான் சாப்புடறாங்களாம், ரெண்டு வருஷமா. என்ன பண்றதுன்னு தெரியல.

---

ஜிஹெச் அக்கா:

பெரிம்மாகிட்ட நீ பேசாத, உங்க அம்மாவ அனுப்பு. போறப்ப பவுடர நிறுத்துன்னு சொல்ல வேணாம்னு சொல்லி அனுப்பு, சுகர் மட்டும் ஒரு தடவ பாத்துக்கலாம் வாக்கான்னு கூப்பிட்டா போதும்.

அப்புறம் மெத்தோட்ரெக்ஸேட் ஆரம்பிச்சதும் காலண்டர்ல புதன்கிழமைக்கு மட்டும் செவப்பு வட்டம் போட்டு வை. வாரம் ஒன்னு போட வேண்டியத தெனம் ஒன்னு போட்டு வாயெல்லாம் புண்ணாகி ரத்த அணு எறங்கி வந்தவங்கள நான் பாத்திருக்கேன். மாத்திரைய பீரோவுல மொத்தமா குடுத்து வைக்காத, நாலு நாலா குடு.